குருவியின் பெயரைக் கேட்டேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம். அப்போது நாங்கள் குற்றாலத்தில் குடியிருந்தோம். சீசனுக்குத்தான் ஊரெல்லாம் குற்றாலம் வரும்; நாங்கள் சீசன் முடிந்து, லாட்ஜுகள் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரத்தில் போனோம். காரணம் என் மகள். எட்டு வயது. டைபாய்டில் ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்தவள். எழுந்துவிட்டாள் என்று பெயர்தானே தவிர, நாலு அடி நடந்தால் சுவரைப் பிடிப்பாள். மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னார். வாடகையும் அப்போது சல்லிசு. நான் தினமும் சைக்கிளை மிதித்துத் தென்காசிக்கு ஆபீஸ் போய் வந்தேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பிள்ளை உடம்பில் ரத்தமே இல்லை, தினமும் காடைச் சாறு கொடுங்கள், இல்லாவிட்டால் நான் பொறுப்பில்லை என்று. நாங்களோ சுத்த சைவம். முட்டை கூட வீட்டுப் படி ஏறியதில்லை. என் மனைவி அன்று முழுக்க அழுதாள். மறுநாள் அவளே, பிள்ளை பிழைத்தால் போதும், சாமி மன்னிக்கட்டும் என்று சொல்லிப் புறவாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்புப் போட்டாள். தனிச் சட்டி, தனிக் கரண்டி. சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு வேகவைப்பாள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு வடிகட்டி, மூலிகைக் கஷாயம் என்று பிள்ளைக்குக் கொடுத்தோம். அக்கம்பக்கத்திலும் கஷாயம் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

காடை கொண்டுவந்து தர ஒரு ஆள் அகப்பட்டார். சீசனில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் போனால் கண்ணி, வலை என்று தோப்புகளில் சுற்றுவார். காலையில் புறவாசல் கதவைத் தட்டி, உரித்துச் சுத்தம் செய்ததை வாழை இலையில் பொதிந்து கொடுத்துவிட்டுப் போவார். காடை எப்படி இருக்கும் என்று எங்களுக்கு எங்கே தெரியும்? நான் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததே கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் குருவி வந்தது. நாங்கள் காக்கைக்குச் சோறு வைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒரு நாரத்தை மரம். அதன் அடியில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. மைனாவைவிடச் சிறிது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், கண்ணில் மை இழுத்துவிட்ட மாதிரி கறுப்புப் பட்டை, வயிற்றடியில் நல்ல குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த என் மகள்தான் முதலில் பார்த்தாள். வாலை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டது என்று சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குருவி சோற்றைத் தொடவில்லை. அடுத்த வீட்டில் கோழிக்குஞ்சுகளுக்காகச் சாணியும் ஓலையும் அடைத்த கலயத்தைக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடிப்பார்கள். அதில் ஒரு சிரட்டை கேட்டு வாங்கி மரத்தடியில் வைத்தோம். அவ்வளவுதான், காலையும் மாலையும் ஆஜர். குருவி வந்துவிட்டது பார், ஒரு வாய் குடி என்று காட்டிக் காட்டித்தான் என் மனைவி அந்தச் சாற்றைப் புகட்டுவாள். ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் பிள்ளையும் மடமடவென்று குடித்துவிடும். நாளுக்கு நாள் முகத்தில் தெளிவு வந்தது.

அதன் பெயர் தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. நானும் ஆபீஸில் கேட்டேன். ஒருவர் மீன்கொத்தி என்றார். தண்ணீர்ப் பக்கமே போகாத மீன்கொத்தியா? இன்னொருவர் மலங்காட்டுக் கிளி என்று அடித்துச் சொன்னார். இரண்டையும் வீட்டில் சொல்லி மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது அந்த எண்ணெய்க்காரர் எதிரே வந்தார். இவரைக் கேட்கத் தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டு சைக்கிளை நிறுத்தினேன். அடையாளம் சொல்லி முடிக்கும் முன்பே, ஆறுமணிக் குருவி என்றார். காலையில் ஆறு, சாயங்காலம் ஆறு, கடிகாரம் வைத்த மாதிரி இரண்டு சீட்டி அடிக்குமாம். குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கேயிருந்து வந்து இறங்குமாம். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். எங்கள் புறவாசல், நாரத்தை மரத்தடி, வரும் நேரம், கறையான் வைப்பது, அதன்மேல் மகளுக்கு உயிர் என்பது வரை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்குப் போய்ப் பெயரைச் சொன்னதும் மகள் கட்டிலிலேயே துள்ளினாள். ஆனால் மறுநாள் குருவி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சிரட்டையில் கறையான் அப்படியே கிடந்தது. அவள் சாற்றைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்தக் குருவிகள் சட்டென்று இடம் மாறிவிடுமா என்று விசாரிக்க எண்ணெய்க்காரர் குடிசைக்கே போனேன். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"என்ன அண்ணாச்சி, பாப்பாக்கு ருசிச்சுதா?"

எனக்குப் புரியவில்லை.

"நீங்க சொன்ன அந்தக் குருவிதான். பிள்ளைக்கு அதுமேல உசுருன்னு சொன்னீயள்லா? மறுநா காலைலயே உங்க மரத்துக்கிட்ட வலையப் போட்டுட்டேன். அன்னைக்குத் துட்டுகூட வாங்கல, வீட்ல கேளுங்க."

நான் பெயரைத்தானே கேட்டேன் என்று எப்படியோ சொன்னேன். அவர் நிஜமாகவே திகைத்துப் போனார்.

"எங்கிட்ட வந்து குருவி பேரு கேக்கவுக, வேற எதுக்கு அண்ணாச்சி கேப்பாக?"

அப்படியானால் மற்ற நாளெல்லாம் தந்தது காடைதானே என்று கேட்டேன். கேட்காமலே வந்திருக்கலாம். மூலையில் இருந்த ஓலைப்பெட்டியை இழுத்து மூடியைத் திறந்து காட்டினார். கால் கட்டிய குருவிகள் ஏழெட்டு. எல்லாம் அதே பச்சை, அதே நீலம், அதே சிவப்பு.

"இந்த மழையில காடைக்கு எங்க போக? ஒரு மாசமா இதத்தான் தாரேன். ஏன், பிள்ள தேறலையா?"

பிள்ளை தேறியிருந்தாள். சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து குருவியைப் பார்த்துக்கொண்டே அவள் குடித்த ஒவ்வொரு டம்ளரும் கண்ணுக்கு முன்னால் வந்தது. வழியில் ஒரு பாலத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வீட்டில், குருவி மலையைத் தாண்டிப் போய்விட்டது, அடுத்த வருஷம் வரும் என்று மகளிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் புறவாசல் கதவு தட்டப்பட்டது. மனைவி பொட்டலத்தோடு நின்று, பிள்ளைதான் குடிக்க மாட்டேன் என்கிறாளே, வைக்கவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். டாக்டர் இன்னும் ஒரு மாதம் சொல்லியிருந்தார். வை என்று தலையை ஆட்டினேன். அன்றைக்கு நானே மடியில் உட்காரவைத்து, கதை சொல்லிப் புகட்டினேன்.

என் மனைவிக்குக் கடைசிவரை தெரியாது. மகள் இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தாய், ஆள் கல்லு மாதிரி இருக்கிறாள். நான் இன்னும் தென்காசிப் பக்கம்தான் இருக்கிறேன். ஒவ்வொரு கார்த்திகைக்கும், ஆறுமணிக் குருவி வந்துவிட்டதா என்று கேட்டுக் கடிதம் எழுதுவாள். வந்துவிட்டது என்று நானும் பதில் போடுகிறேன். என் மகள் உயிரோடு இருப்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, சாயங்காலம் அந்தச் சீட்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பதை அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.