உப்புத் தண்ணீர்த் தொட்டியும் ஒரு பச்சைக் குடமும்

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் ஊர் விருத்தாசலம். பீங்கான் சாமான்கள் செய்கிற ஒரு யூனிட்டில் கிளேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். சூளைக்குப் போவதற்கு முன்னால் சாமானுக்குப் பூசுகிற பூச்சுதான் கிளேஸ். வெந்து வரும்போது அதுதான் கண்ணாடி போலப் பளபளக்கும். அதைக் கலக்குவதும், சாமானை அதில் முக்கி எடுப்பதுமாகப் பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

என் கணவர் ஸ்ரீமுஷ்ணம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். வாய் ஓயாத மனுஷர். அந்த வருஷம் தை மாசத்தில் ஒரு நாள் காலையில் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு இருந்தவர் அப்படியே சரிந்தார். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் வலது கை வேலை செய்யவில்லை, பேச்சு போய்விட்டது. வாயைத் திறந்தால் சத்தம்தான் வந்தது. அதை மற்றவர்கள் கேட்பது பிடிக்காமல் பிறகு அதையும் நிறுத்திவிட்டார். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பாண்டிச்சேரியில் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பங்குனியில் ஒரு நாள், அவரை ஹாலில் உட்காரவைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் நாற்காலியில் ஆளைக் காணோம். பதறிப்போய்த் தேடினால், ஹால் கோடியில் இருந்த மீன் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். யாரும் பிடிக்கவில்லை. சுவரில் கைகூட ஊன்றவில்லை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் போனதும் கண்ணாடியைக் காட்டி, "கடலு" என்றார். இரண்டரை மாசத்தில் எனக்குப் புரிந்த முதல் வார்த்தை அது.

அன்றைக்கே அங்கிருந்தவர்களிடம் விசாரித்துக் கடல் மீன் விற்கிற கடைக்குப் போனேன். முப்பது வயசு இருக்கும் ஒரு பெண்தான் அந்தக் கடையை நடத்துகிறார். தொட்டி, மணல், பாறை, கடல் உப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். மீன் கேட்டபோது மட்டும் தலையாட்டி மறுத்துவிட்டார்.

"மொதல்ல தண்ணி தயாராவணும்க்கா. அப்புறந்தான் மீனு," என்றார். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாக மாறுமாம். அந்த விஷத்தைத் தின்று தீர்க்க, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் வளர வேண்டுமாம். அதற்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகுமாம். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. வெறும் தண்ணீரை வைத்து இவரை எத்தனை நாள் உட்காரவைப்பது? அதே தெருவில் இன்னொரு கடையில் அதே ஆரஞ்சு மீன் இருந்தது. இன்றைக்கே விடலாம், ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டிய பதில் அதுதான். இரண்டு மீனை வாங்கிப் பையில் மறைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் போர் தண்ணீரைப் பிடித்து, உப்பைக் கண்ணளவாகக் கொட்டிக் கலக்கினேன். கிளேஸ் கலக்குகிறவளுக்கு உப்புத் தண்ணீர் கலக்கத் தெரியாதா என்கிற தைரியம். சாயங்காலமே மீனை விட்டாயிற்று. இரண்டு நாள் சொர்க்கம். அவரே நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. அவர் எழுந்திருப்பதற்குள் அதை எடுத்துவிட்டேன். ஒன்றைக் காணோமே என்று ஜாடையில் கேட்டார். பாறைக்குப் பின்னாடி இருக்குது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது நாற்காலி பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. பாறைக்குப் பின்பக்கம் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு, பகல் முழுக்க அங்கேயே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். மத்தியானத்துக்கு எடுத்து வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது.

மறுநாள் இன்னொரு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே செத்தது. அன்றிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கைப் பயிற்சியும் செய்யவில்லை.

வெட்கத்தை விட்டு அந்தக் கடைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன். வேறு கடையில் மீன் வாங்கியதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சார் எப்படிக்கா இருக்காரு?" என்றுதான் கேட்டார். அந்தப் பெண்ணின் அம்மா வீடு பெண்ணாடமாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிற வழியில் இறங்குவதாகச் சொன்னார்.

சொன்ன மாதிரியே வந்தார், கையில் ஒரு பக்கெட்டோடு. தன் கடைத் தொட்டியிலேயே வருஷக்கணக்கில் ஊறிய பாறைகளை ஈரமான நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பிரித்ததும் வீடு முழுக்கக் கடல் வாசனை. நமக்கு வேண்டிய நுண்ணுயிர் இதிலேயே இருக்குது, இதிலிருந்து பெருகும் என்றார். என் போர் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, கேன் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி, உப்பை அளவுமானி வைத்துக் கலந்தார். வெயிலில் தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது, ஏனென்றால் வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும் என்றார். இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சின்னப் பெட்டியை அவர் மடியில் வைத்தார். உள்ளே கண்ணாடிக் குழாய்களும் சொட்டு மருந்து பாட்டில்களும் ஒரு வண்ண அட்டையும் இருந்தன.

"சார், இது உங்க வேலை. தண்ணிய எடுத்து, சொட்டு எண்ணி வுட்டு, கலரப் பாத்து எழுதி வைக்கணும். அக்கா அவசரக்காரங்க. அவங்களுக்கு ஒத்து வராது."

அவர் வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது.

அப்புறம் ஆரம்பித்தது ஒரு நீண்ட காத்திருப்பு. மீனே இல்லாத தொட்டியில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு சிட்டிகை தீனி போடுவோம். அது அழுகி விஷமாகும். அந்த விஷத்தைத் தின்றுதான் நுண்ணுயிர் பெருகும். பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் வந்து பார்த்துவிட்டு, எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் தினமும் காலையில் குழாயை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் சொட்டு விடுவார். முதல் வாரம் பாதி மருந்து வேட்டியில்தான் விழுந்தது. குழாயில் பச்சை வந்தால் விஷம் இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளாகவே நின்றால் இல்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். முதலில் வெறும் கோடு. பிறகு 'ப' என்று ஒரு எழுத்து, குழந்தை எழுதியது போல. மூன்றாவது வாரம் 'பச்சை' என்று முழுசாக எழுதியிருந்தார். எழுதுவதைச் சொல்லியும் பார்ப்பார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நாலாவது வாரம் மணலெல்லாம் பழுப்பாகப் பாசி படிந்தது. எல்லாம் கெட்டுவிட்டது என்று நான் தேய்க்க ஸ்பாஞ்சை எடுத்தேன். "வுடு. போவும்," என்றார். போய்விட்டது. அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் சூடேறாமல் இருக்க, ஒரே ஒரு டேபிள் ஃபேனையும் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் விசிறிக்கொண்டு கிடந்தோம். ஏழாவது வாரம் ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, குழாயைத் தூக்கிக் காட்டினார். எலுமிச்சை மஞ்சள். "சீரோ," என்றார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண்ணின் கடையிலிருந்தே இரண்டு ஆரஞ்சு மீன், ஐந்து நத்தை, ஒரு வரி போட்ட இறால் வந்தன. தீனி போடுகிற வேலையும் அவருடையதுதான்.

இதில் என் பங்கு ஒன்றும் இல்லையே என்று எனக்கு ஒரு குறை. யூனிட்டில் சோதனைக்காகக் குறைந்த சூட்டில் வேகவைத்த சின்னக் குடம் ஒன்று இருந்தது. கையளவுதான். நானே கிளேஸ் போட்டது. நல்ல மயில் பச்சை. முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, மீன் உள்ளே புகுந்து வருகிற மாதிரி மணலில் சாய்த்து வைத்தேன். அவருக்கும் பிடித்துவிட்டது. தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார்.

பத்து நாள் கழித்து ஒரு நத்தை கண்ணாடியிலிருந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் இறால் விறைத்துக் கிடந்தது. எனக்குத் தோன்றிய காரணம் ஒன்றே ஒன்றுதான். அவர் இடது கை நடுங்கும். சிட்டிகை போட வேண்டிய இடத்தில் கொத்தாக விழும். மிச்சத் தீனி அழுகித் தண்ணீர் கெட்டிருக்கிறது. ஒரு நாள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், தண்ணீர் மேல் தீனி மிதப்பதைப் பார்த்தேன். காலைப் பரபரப்பு எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"ஒரு சிட்டிகை போடத் தெரியல உங்களுக்கு. ஒவ்வொண்ணா கொன்னுக்கினு இருக்கீங்க."

தீனி டப்பாவை எடுத்து, அவருக்கு எட்டாத பரண்மேல் வைத்துவிட்டுப் போனேன். அன்றைக்குக் குழாயில் விஷம் காட்டுகிறதா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கு முந்தின நாள்கூட மஞ்சள் என்றுதான் எழுதி வைத்திருந்தார். நான் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு ஒன்பது நாள் அவர் தொட்டிப் பக்கம் போகவில்லை. குழாயைத் தொடவில்லை. தண்ணீர் வேண்டுமானால் சொம்பைக் காட்டினார். வந்த வார்த்தையெல்லாம் எங்கோ போய்விட்டது. நான் அளந்து தீனி போட்டேன். ஆனாலும் மிச்ச நத்தைகளும் ஒவ்வொன்றாகச் செத்தன. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அவர் கெடுத்துவைத்தது இன்னும் தண்ணீரில் இருக்கிறது என்றே நினைத்தேன்.

பத்தாவது நாள் தொட்டியைப் படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். யூனிட்டில் டீ நேரத்தில் போன் வந்தது. நான் கிளேஸ் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, அந்தப் பச்சைக் குடம் எப்ப வச்சீங்க?"

சொன்னேன்.

"அந்தப் பச்சை எதுலக்கா வருது?"

எனக்கு முன்னால் இருந்த டிரம்மைப் பார்த்தேன். அந்தப் பச்சைக்கு நாங்கள் சேர்க்கிற பொடி செம்பு. "காப்பரும்மா," என்றேன். செம்பை மீன் ஓரளவு தாங்குமாம். நத்தையும் இறாலும் துளிகூடத் தாங்காதாம். சரியாக வேகாத கிளேஸிலிருந்து அது உப்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கும், உடனே வெளியே எடுத்துவிடுங்கள் என்றார். என் கணவரின் பெட்டியில் செம்பைக் காட்டுகிற மருந்து கிடையாது. அவர் சோதித்தது எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அப்போதே பதினாலு வருஷமாக அந்தப் பொடியில் கை வைத்தவள் நான். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதலில் குடத்தை வெளியே எடுத்தேன். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உங்க கையால இல்லைங்க. என் கையாலதான். நான் வச்ச குடத்துலதான் விஷம் இருந்துது," என்றேன். செம்பைப் பற்றியும் போனில் பேசியதைப் பற்றியும் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் மெதுவாகத் திரும்பினார். என் மணிக்கட்டைப் பிடித்தார். அதில் காய்ந்து ஒட்டியிருந்த கிளேஸைக் கட்டைவிரலால் தேய்த்து எடுத்தார். ரொம்ப நேரம் வாய் அசைந்துகொண்டே இருந்தது. நான் குறுக்கே பேசாமல் காத்திருந்தேன்.

"குடம்... அழகாத்தான் இருந்துச்சு. நீ சொன்னதுதான்... வலிச்சுது."

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் முழு வாக்கியமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா, தலை குனிவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தேன் என்று நினைக்கிறேன். அவரும் அழுதார். அப்புறம், எழுந்து உட்காரக் கையைக் கொடு என்பதுபோல் நீட்டினார். தொட்டி முன்னால் போய் உட்கார்ந்து, குழாயைக் கேட்டு வாங்கினார்.

மணலை மாற்றினோம். பல தடவை தண்ணீர் மாற்றினோம். செம்பை உறிஞ்சக் கரிப் பை வைத்தோம். செம்பைக் காட்டுகிற மருந்தையும் அந்தப் பெண் அனுப்பிவைத்தார். குழாயில் செம்பு துளியும் இல்லை என்று அவர் எழுதி வைக்க இரண்டு மாசத்துக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகுதான் புது நத்தைகள் வந்தன. இப்போது அவர் பஸ் ஸ்டாண்டு வரை தனியாக நடந்து போய்ப் பழைய ஆட்களோடு பேசிவிட்டு வருகிறார். மெதுவாகத்தான் பேசுவார். அவர்களும் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

அந்த ஒன்பது நாளை மறந்துவிட்டதாகத்தான் அவர் சொல்கிறார். நான் மறக்கவில்லை. இன்றைக்கும் எதற்காவது கோபம் வரத்தான் செய்கிறது, ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால், இதில் நான் கொண்டுவந்து வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்கிறேன்.