ராஜா வேஷத்து வாளை எடுத்தது யார்?

முதலிலேயே மன்னிப்பு. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்து கோணலாகத்தான் வரும். பாதி மறந்தும் போகிறது. வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரமும் கொஞ்சம்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு மும்தாஜ், தன் மகளின் துப்பறியும் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அரண்மனையில் ஒரு வாள் காணாமல் போகிறது. மூன்று பிள்ளைகள் துப்பறிகிறார்கள். பாதி படித்துக் காட்டிவிட்டு, "திருடன் யாருன்னு சொல்லு ஆயா, பாக்கலாம்" என்றாள்.

"தேடறவங்கள்ல யாரு ரொம்ப சத்தம் போடறாங்களோ, அவங்கதான்."

"அது எப்டி ஆயா?"

எப்படியா? அந்த வேலையை நானே செய்திருக்கிறேனே!

வெள்ளைக்காரன் காலம். எனக்கு ஒன்பது வயது. ராயபுரத்தில் குடியிருந்தோம். நைனாவுக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை. லீவு நாளில் தெரு நாடகக் கோஷ்டிக்கு எடுபிடி — வேஷப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கும். அந்த வருஷம் அம்மன் திருவிழாவில் முதல் தடவையாக அவருக்கும் ஒரு வேஷம். வாயிற்காவலன். ஒரே ஒரு வரி வசனம். சாப்பிடும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால் தம்பி பிறந்தான். பச்சைக் குழந்தையின் தலைமாட்டில் ஏதாவது இரும்பு வைப்பது எங்கள் வழக்கம்; காத்து கருப்பு அண்டாது. அம்மா வைத்தது ஒரு துருப்பிடித்த சாவி. எனக்குப் பகீரென்றது. எனக்குப் பின்னால் பிறந்த இரண்டுக்கும் இதே சாவிதானே? இரண்டும் தங்கவில்லையே!

பெட்டியைத் திறந்தேன். ராஜாவின் வாள் தகதகவென்று மின்னியது. பழைய புடவையில் சுற்றி, தம்பியின் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டேன்.

திருவிழா அன்று காலையில் நாடக வாத்தியார் வந்து பெட்டியைக் குடைந்தார்.

"இன்னாடா, கத்திய காணோம்? வித்துட்டியா?"

"சத்தியமா இல்ல வாத்தியாரே! இதுக்குள்ளதான் வச்சேன்."

"வெளக்கு வைக்கறதுக்குள்ள கத்தி வரல... உனுக்கு வேஷமும் இல்ல, கோஷ்டியும் இல்ல. சொல்ட்டேன்!"

நான் என்ன செய்தேன்? எல்லோருக்கும் முந்திக்கொண்டு தேடினேன்! கோழிக் கூண்டுக்குள், தண்ணீர்த் தொட்டிக்குள்... தெருவில் போன ஒருவரைக் காட்டி, "அந்த மீசைக்காரன் மூஞ்சே சரியில்ல நைனா" என்று துப்பு வேறு கொடுத்தேன். பாவம், அவர் குடை ரிப்பேர்காரர். அவர் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கம்பிதான் விழுந்தது.

சாயங்காலம். நைனா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அந்த ஒரு வரியை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"தம்பி பாய்க்கு அடில கீது நைனா. எடுத்துடாத... அவனும் செத்துடுவான்."

வாளை உருவினார். என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை இறுக்கி மூடினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அட கஸ்மாலம்! இது மரக்கட்ட. மேல ஈயப் பேப்பர் சுத்திகீது!"

சுவரில் மாட்டியிருந்த, ஹார்பரில் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியை எடுத்துத் தம்பியின் தலைமாட்டில் வைத்தார். "இதான் அசலு இரும்பு. போதுமா?"

அப்புறம் பல நாள் இரவல் கொக்கியோடுதான் வேலைக்குப் போனார். மேடையில்? அந்த ஒரு வரியை இரண்டு தடவை சொன்னார்!

அந்த நாலு நாள் தம்பியைக் காத்தது சாவியா, மரக்கட்டையா? தெரியாது. விம்கோ நகரில் பேரன் பேத்தியோடு இருக்கிறான். அது போதும்.

ஒரே ஒரு சந்தேகம். ராயபுரத்துப் பழைய ஆட்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்கள் — அந்தக் குடைக்காரருக்கு நிஜமாகவே மீசை இருந்ததா, இல்லை அதையும் நான்தான் ஒட்டினேனா?