கதிரை இழுக்கிற சத்தம்

எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்கு அடுத்த வருடம், நெடுந்தீவில் நடந்தது இது. கொழும்பில் எங்கள் வீடு எரிந்த பிறகு அம்மாவும் தம்பியும் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு அரசாங்க வேலை இருந்தபடியால் நான் மட்டும் நின்றேன். நெடுந்தீவுத் தபாற் கந்தோருக்கு மாற்றம் கிடைத்தது. அந்தத் தீவில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

பகல் எப்படியோ போய்விடும். கந்தோர் பூட்டிய பிறகுதான் கஷ்டம். வாடகைக்கு எடுத்த சின்ன வீட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டு, அது என்ன சொல்கிறது என்றுகூடக் கேட்காமல் இருப்பேன்.

ஒருநாள் பள்ளிக்கூட அதிபர் முத்திரை வாங்க வந்தார். ஊர்காவற்றுறையில் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள், பழக்க ஆளில்லை என்று சும்மா பேச்சுக்குச் சொன்னார். யோசிக்காமலே, “நான் வாறன் சேர்” என்றேன். மாலைப்பொழுதைக் கழிக்க ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது.

போட்டி புதுமாதிரியானது. பிள்ளைகள் தங்கள் ஊரில் உள்ள ஒரு சிக்கலைத் தாங்களே கண்டுபிடிக்கவேண்டும். வீசி எறிகிற பொருட்களைக் கொண்டு அதற்கு ஒரு தீர்வு செய்து, சின்ன நாடகமாக நடித்துக் காட்டவேண்டும். பெரியவர்கள் யோசனை சொல்லவே கூடாது.

ஐந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். என் வீட்டுக்கு அடுத்த வளவில் குடியிருந்த அக்காவின் மகள்தான் தலைவி. முதல் சில நாட்கள் பின்னேரங்களில் பள்ளிக்கூடத்தில் வைத்துப் புதிர் போட்டு யோசிக்கப் பழக்கினேன். சிரிப்பும் சண்டையுமாக இருக்கும். பிறகு ஒருநாள் அவள் வந்து, “அக்கா, நீங்கள் வெளியிலை இருங்கோ. என்ன செய்யிறம் எண்டு உங்களுக்குச் சொல்ல ஏலாது” என்றாள். விதி அதுதானே என்று கிணற்றுக்கட்டில் போய் இருந்தேன். உள்ளே அவர்கள் குசுகுசுத்தார்கள். அங்கேயும் நான் வெளியாள்தான் என்று மனதுக்குள் ஒரு குறை.

கிணறு இருந்தாலும் நல்ல குடிதண்ணீர் இல்லாத தீவு. அதைத்தான் எடுத்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு, போட்டி நாளன்று வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனேன். குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நாடகம் தொடங்கியது. ஒரு பிள்ளை சேலையைச் சுற்றிக்கொண்டு ரேடியோவுக்கு முன்னால் கதிரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு எழும்பி, அந்தக் கதிரையை இழுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கொழும்பில் கதவை உடைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்த நாளிலிருந்து, பொழுதுபட்டதும் நான் அப்படித்தான் செய்வேன். ஒருவருக்கும் தெரியாது என்றல்லவா இருந்தேன்? கதிரை இழுபடுகிற சத்தம் ஒவ்வொரு நாளும் அடுத்த வளவுக்குக் கேட்டிருக்கிறது.

அவர்கள் கட்டிக் காட்டியது மீன்பிடிக்கிற நீளமான தங்கூசி நூல். நூற்கட்டைகளின் மேலாக ஓடி மற்றப் பக்கம் வெறும் மீன் டின்களில் முடிந்தது. இந்த வீட்டில் இழுத்தால் அடுத்த வீட்டில் டின்கள் கலகலக்கும்.

நடுவர் ஒருவர் கேட்டார். “இது ஒரு ஆளின்ரை பயந்தானே பிள்ளை. ஊர்ப் பிரச்சினை எண்டு எப்பிடிச் சொல்லுவீர்?”

தலைவி கையிலிருந்த நூலை விட்டாள். பிறகு சொன்னாள். “ஓம் சேர். ஆனா அவ எங்கடை ஊரிலைதானே இருக்கிறா.”

பரிசு கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது தலைவி வள்ளத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். “கோவமோ அக்கா?” என்று அவள் கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் ஐந்து பேரும் வந்து, கல்மதிலுக்கு மேலால் நூலைக் கட்டிவிட்டுப் போனார்கள். அதைத் தொடுவதே இல்லை என்று இருந்தேன். வெட்கம்.

மாரி தொடங்கிய ஒரு பின்னேரம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பயம் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. என்ன நினைத்தேனோ, நூலை இழுத்துவிட்டேன். அடுத்த வளவு அக்கா, கையெல்லாம் மாவோடு நனைந்துகொண்டு ஓடிவந்தா.

“என்ன பிள்ளை, என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை அக்கா. சும்மா.”

ஏசுவா என்று நினைத்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

“தேத்தண்ணி வைச்சீரோ?”

“இல்லை.”

“அப்ப வையும், குடிப்பம்” என்று சொல்லிவிட்டு, குசினி வாசலில் குந்திக் கையைக் கழுவத் தொடங்கினா.

அடுத்த வருடமே எனக்கு வேறிடம் மாற்றம் வந்தது. பிறகு யுத்தம் எல்லாரையும் எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது. அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே என்று தெரியாது. குளிர்நாடு ஒன்றில், அடுத்த கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத மாடிவீட்டில் இருக்கிறேன். ஆனாலும் ஒரு ஆள் தனித்துப்போவது ஊருக்கே உரிய சிக்கல் என்று ஐந்து பிள்ளைகள் ஒருகாலம் எனக்காக ஊரறியச் சொன்னார்கள் என்ற நினைப்பில்தான் எத்தனையோ மாலைப்பொழுதுகளைக் கடந்து வந்திருக்கிறேன்.