நீல முகத்தில் ஒரு பிடி திருநீறு

எங்க டிக்கோயா தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் வேசம் கட்டியவங்களுக்கு அருள் வந்தால், திருநீறு பூசி அடக்குவது என் வேலை. வேசமெல்லாம் நமக்குப் பழக்கம்தானே என்ற தைரியத்தில், ஜப்பான் கார்ட்டூன் ஆட்களாக வேசம் கட்டுகிற கொழும்பு அனிமே விழாவுக்கு மகளோடு முதல் தடவையாகப் போனேன்.

மேடைக்குப் பின்னால் அவளுடைய சிநேகிதி நிரோஷா, தலையில் கொம்பும் முகமெல்லாம் நீலச் சாயமுமாக, கண் சொருகி உடம்பை உதறிக்கொண்டிருந்தாள். இது அருளேதான் என்று முடிவு கட்டினேன். சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிடி திருநீற்றை அவள் நெற்றியில் அப்பித் தேய்த்தேன்.

“ஐயோ அப்பா! அவ நடிச்சுப் பாக்குறா! விடியக்காலையிலேருந்து பூசின சாயம்ப்பா அது!”

நீலம் என் உள்ளங்கையோடு வந்துவிட்டது. வேசப் போட்டியில் அடுத்த ஆள் நிரோஷாதான். அவள் கண் கலங்கியது. சாமியையே அடக்குகிற வீரன் நான், ஓடுவதற்குக் கதவு தேடினேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகத்தை நீட்டினாள். “கன்னத்துலயும் பூசிவிடுங்க அங்கிள். வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கட்டும்.”

பூசிவிட்டேன். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் எனக்கு டீ வாங்கித் தந்துவிட்டுத்தான் போனாள்.

எங்க லயத்து வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கிறேன். அவள் கண் கலங்கிய இடத்தை மட்டும் சொல்லாமல் தாண்டிவிடுகிறேன்.