உட்கார்ந்தபடி ஓட்டிய படகு

கால்வாய்க்கரையில் உலாவப் போகிறீர்கள். ஒரு படகின் குழாயிலிருந்து விறகுப்புகை எழுகிறது. "கொடுத்துவைத்தவர்கள்" என்கிறீர்கள். அந்தப் படகுக்காரரால் இன்றைக்கு எழுந்து நிற்க முடிகிறதா என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

ஜோசி ஹாலமை யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் நின்றே தேய்ந்த இடுப்பு அவருடையது. வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல், இருந்ததையெல்லாம் போட்டு 'லேப்விங்' என்ற பழைய இரும்புப் படகை வாங்கிக் குடியேறினார். கட்டிவைக்கச் சொந்தத் துறை இல்லாத படகு இரண்டு வாரத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. நகராவிட்டால் உரிமம் போகும்; உரிமம் போனால் ஒருநாள் படகும் போகும். என் படகும் அதே ரகம். இந்த ஏப்ரலில் அவருக்குப் பின்னால் கட்டியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கால்வாய் வாரியத்து ஆள் கிரெய்க் சைக்கிளில் வந்தார்.

"ஜோசி, ஞாயித்துக்கிழமையோட உங்க கெடு முடியுது."

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு, கண்ணு. நிக்கவே முடியல. இன்னும் ஒரு வாரம் குடேன்."

"டாக்டர் சீட்டு வேணுமே."

"டாக்டர் புதன்கிழமைதான் பாக்குறாராம்."

"அப்ப சீட்டு வந்ததும் கேளுங்க."

"அதுவரைக்கும் என் இடுப்பு நல்லாத்தான் இருக்குன்னு வாரியம் நெனச்சுக்குமாக்கும்?"

கிரெய்க் சங்கடமாகச் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவர் ஒருவர்கூட இல்லாமலே ஓர் ஆளை நசுக்கும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறார்கள். என் ஆத்திரமெல்லாம் அதன்மேல்தான்.

சனிக்கிழமை வழக்கம்போல் சூப்புக்குத் தழை பறிக்கக் கிளம்பினோம். ஜோசி ஊன்றுகோலோடு வேலிவரை வந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஈரக்காட்டுக்குள் போய்க் காட்டுப்பூண்டும் காஞ்சொறிக் கொழுந்தும் பை நிறையக் கொண்டுவந்தேன். அவர் மடியில் கொட்டி ஆய்ந்தார்.

"கிளைவ், அடப்பாவி! நடுவுல இத யாருய்யா பறிச்சது? நஞ்சு இது. இத சூப்புல போட்டா, என்னை நகத்த வாரியமே தேவையில்ல."

நாயோடு வந்த ஒரு தம்பதி நின்று பார்த்தார்கள். "என்ன சுகமான வாழ்க்கைங்க! வாடகை இல்ல, வரி இல்ல!" என்றார் கணவர்.

"ஆமாங்க. கக்கூசுக் கழிவுப்பெட்டியத் தூக்கிட்டுப் போய்க் கொட்டணும். வர்றீங்களா, ஆளுக்கு ஒரு கை பிடிப்போம்?" என்றார் ஜோசி. நாய்தான் ஆர்வமாக அருகே வந்தது.

அன்று சூப்பை அவர் பாதியில் வைத்துவிட்டார். "நாளைக்கு மதகு வழியா என் படகைக் கீழ எறக்கிவிட்டுரு. படகு இல்லாம போனா நான் எங்க போவேன்?" என்றார்.

முன்னாலும் மதகு, பின்னாலும் மதகு. எந்தப் பக்கம் போனாலும் படகைத் தொட்டிக்குள் விட்டு, கதவடைத்து, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோதான் போக வேண்டும். அந்தக் கதவுகளைத் தள்ள ஜோசியால் முடியாது. ஆகவே கதவு எனக்கு, சுக்கான் அவருக்கு. அவருக்குப் பதிலாகச் சுக்கான் பிடிக்க மூன்றாவது ஆள் தேடினோம். ஞாயிறு காலை மழையில் கரையில் ஒருவரும் இல்லை.

சுக்கானை நின்றுகொண்டுதான் பிடிக்க வேண்டும். மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்திட்டு துருத்திக்கொண்டிருக்கும். அது எங்கே முடிகிறது என்று சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் இறங்கும்போது படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். ஜோசி ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தவருக்குக் கோடு தெரியவில்லை. முன்கதவில் மோதாமலிருக்க எந்திரத்தை லேசாகப் பின்னுக்கு விட்டிருந்தார்.

தொட்டித் தண்ணீரை வெளியேற்ற நான் கதவிலிருந்த திறப்பைத் தூக்கினேன். தண்ணீர் இறங்க இறங்க, இரும்பு கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

"ஜோசி! முன்னால விடு! முன்னால!"

திறப்பை உடனே இறக்கினேன். ஆனால் பின்பகுதி ஏற்கெனவே கல்லில் தொங்கிவிட்டது. முன்பகுதி சரிந்து, வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. ஓடிப்போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்து மேலே இழுத்தேன். வலியில் அவர் போட்ட கூச்சல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. கரையில் கிடந்தபடி, தன் வீடு மூழ்குவதைப் பார்த்தார். ஒரு தலையணையும் ஒற்றைச் செருப்பும் மிதந்தன.

திங்கட்கிழமை கிரெய்க் தொலைபேசியில் அழைத்தார். கெடுவைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம் என்றார். அடுத்தவர் படகுக்குச் சேதமானால்தான் ஜோசியின் காப்பீடு கொடுக்குமாம். சொந்தப் படகுக்கு ஒன்றும் கிடையாது. புதன்கிழமை மருத்துவர் பார்த்துச் சீட்டு எழுதினார்: மூன்று மாதத்துக்கு இவர் படகு ஓட்டக் கூடாது.

ஜோசி இப்போது என் படகில், மடக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார். "ஆயுசு பூரா நகராம நிக்க லேப்விங்குக்கு ஒரு எடம் கெடச்சுதே, அதுவும் தண்ணிக்கடியில" என்றார் ஒருநாள். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

வாரியம் இதை ஓட்டியவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டது. நிற்க முடியாது என்று அவர் சொன்னார். சொன்னபின்தான் நகரச் சொன்னார்கள். இதில் கவனக்குறைவு யாருடையது?

இந்த வசந்தத்தில் நான்கு படகுகளில் நோயாளிகள் கெடுவை எண்ணிக்கொண்டு கிடப்பது எனக்குத் தெரியும். வாரியத்தின் பொதுக்கூட்டம் ஜூனில் நடக்கிறது. யாரும் போய்ப் பேசலாம். நீங்கள் இந்தக் கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உலாவியிருந்தால், வாருங்கள். மருத்துவர் பார்க்கும்வரை நோயாளியின் படகை நகர்த்தச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி கேளுங்கள். என்னோடு சேர்ந்து, சத்தமாகக் கேளுங்கள்.