காற்று அடங்க ஒரு விளக்கு

என் மகள் கவிதா தைவான் கடலில் காற்றாலைகள் நிறுவும் பொறியாளர். நடுக்கடலில் காற்று என்றாலே எனக்குப் பயம். அதனால் மலேசியாவின் மம்பாவில் எங்கள் வீட்டருகே உள்ள அம்மன் கோயிலில் வெள்ளிதோறும் எலுமிச்சை விளக்கேற்றி, அங்கே காற்று அடங்க வேண்டும் என்று கேட்பேன்.

சென்ற மாதம் வீடியோவில் பேசும்போது இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அம்மா! காத்து அடிச்சா எங்கள ஏத்திட்டுப் போற போட்டே கெளம்பாது லா. ரூம்ல மீ நூடுல்ஸ் சாப்ட்டுட்டுத் தூங்குவேன். காத்து நின்னாத்தான் கோபுரத்துல ஏறணும்."

"எவ்ளோ ஒசரம்?"

"நம்ம தாமான் வீடுங்களுக்கெல்லாம் தண்ணி வர்ற தொட்டிய விட ரொம்ப ஒசரம்."

இத்தனை நாளும் அவளை மேலே ஏற்றிவிட்டது நான்தானா?

"இனிமே காத்து அடிக்கணும்னு வேண்டிக்கிறேன்" என்றேன்.

சிரிப்பை நிறுத்தினாள். "வேணாம்மா. ஏற்கெனவே காத்து அடிச்சே வேலை தள்ளிப் போகுது. முடிஞ்சாத்தான் தீபாவளிக்கு வர முடியும். நீ பழைய மாதிரியே வேண்டிக்க."

அடுத்த வெள்ளியும் விளக்கேற்றினேன். காற்று அடங்கட்டும் என்று சொல்ல வாய் வர நேரமானது. ஆனாலும் சொன்னேன். பிறகு, அவள் ஏறும் ஏணியைக் கொஞ்சம் பிடித்துக்கொள் தாயே என்றும் சொன்னேன்.