ரெண்டு கையும் சேர்ந்தால்தான் பிரஸ் இறங்கும்

வாதம் வந்த கையை வழிக்குக் கொண்டுவரும் தொழிலில், கையைவிடக் கையின் சொந்தக்காரரோடுதான் மல்லுக்கட்டு அதிகம். ஓசூரில் பிசியோதெரபி செய்கிறேன். நரம்பைத் தூண்டும் மெஷினைப் போட்டுக்கொண்டே கைக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஊர் அதற்கு வைத்த பெயர் 'கரண்ட் வைக்கிறது'. பொறுமை வேண்டிய தொழில் என்பார்கள். எனக்கு அது கிடையாது. என்னைப்போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், வீட்டில் வராத கையோடு போராடுகிறவர்களுக்கும் இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும்.

கரண்டு எதுக்கு?

அன்வர் பாய் கெலமங்கலத்துக்காரர், சிப்காட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஆபரேட்டர். ஸ்ட்ரோக் வந்து வலது கை விரல்கள் மூடிக்கொண்டன, திறக்கவே இல்லை. கை வந்தால் வேலை, வராவிட்டால் வீடு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். முன்கையில் பேடு ஒட்டி மெஷினைப் போட்டேன். விரல்கள் தானாக விரிந்தன. மனிதர் பூரித்துப்போய், இடது கையில் செல்போனை எடுத்து கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"பாய், மெஷின் விரிக்கும்போது நீங்களும் சேர்ந்து விரிக்கப் பாருங்க. அப்பதான் மூளை மறுபடி கத்துக்கும்" என்றேன். ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"நானே விரிக்கணும்னா, அப்புறம் கரண்டு எதுக்கு மேடம்?"

புறா வைத்தியம்

இன்னொரு நாள் பாய் வந்தபோது அவர் கை முழுக்கச் சிவப்பாக ஏதோ பிசுபிசுத்தது. வாதத்துக்குப் புறா ரத்தம் கேட்கும் என்று அவர் மச்சான் எண்ணெயில் கலந்து தேய்த்து அனுப்பியிருக்கிறார். பேடு வழுக்கி வழுக்கி விழுந்தது. நான் கத்திய கத்தலில் அவர் மனைவி மும்தாஜ் மூலையில் ஒடுங்கிவிட்டார். எங்கள் உதவியாளர் மஞ்சுளா, வீட்டில் கன்னடம் பேசுகிறவர், மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியோடு வந்தார்.

"சும்னே ஏன் மேடம் கத்துறீங்க? முதல்ல சோப்பு வைக்கலாம், அப்புறம் கரண்டு வைங்க."

ரெண்டு பட்டன்

திட்டிப் பயனில்லை என்று தெரிந்தபின், பாயிடம் அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். பிரஸ்ஸில் ரெண்டு பட்டன் இருக்குமாம். ரெண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்குமாம். ஒரு கை உள்ளே மாட்டிவிடக் கூடாதே, அதற்காக.

"அதேதான் பாய்! ஒரு பட்டனை நான் அமுக்குறேன். இன்னொண்ணு உங்ககிட்ட இருக்கு. ரெண்டும் சேரலைன்னா விரல் விரியாது" என்றேன். செல்போன் சட்டைப் பைக்குள் போனது. அன்று முதல், மெஷின் துடிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அவரும் முயன்றார். பக்கத்துக் கட்டிலில் உத்தனப்பள்ளி முனியம்மா, ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர், கரண்டை வைத்தால் சுகமாகக் கண்ணை மூடிவிடுவார். எனக்கு முன்னால் பாய்தான் அவரை எழுப்பினார்.

"அக்கா, தூங்காதீங்க, மேடம் பட்டனை அமுக்கிட்டாங்க, உங்க பட்டன் சும்மா கெடக்குது!"

மின்வெட்டு

ஒரு மத்தியானம் பயிற்சியின் நடுவே மின்சாரம் போய்விட்டது. இன்வெர்ட்டரும் கைவிட்டது. ஃபேன் நின்றது, மெஷின் அணைந்தது. பாய் மட்டும் கையையே முறைத்தபடி முக்கிக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரல் விரிந்தது. பிறகு நடுவிரல். கண்ணைத் துடைப்பதை மஞ்சுளா பார்க்கக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மும்தாஜ்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஏங்க, கரண்டு போய் எவ்ளோ நேரமாச்சு, உங்க விரலைப் பாருங்க!"

வந்த கை

கம்பெனியில் சோதனை வைத்தார்கள். பாய் ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினார், பிரஸ் இறங்கியது. ஆனாலும் பாதுகாப்பு அதிகாரி அவரைப் பிரஸ்ஸில் விடாமல், பாகங்களைக் கையில் எடுத்துச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்கா இத்தனை பாடு? சேதி சொல்ல வந்த பாய் சிரித்தார். மஞ்சுளா கொண்டுவந்த டீ கிளாஸை வலது கையால் வாங்கினார். கொஞ்சம் நடுங்கியது, சிந்தவில்லை.

"கை வரலைன்னு மாத்தலை மேடம், வந்த கையைப் பத்திரமா வெச்சுக்கன்னு மாத்தியிருக்காங்க."

ஆக, இந்தத் தொழிலில் பாதியை மெஷின் செய்கிறது, மீதியை நோயாளி செய்கிறார், நடுவில் நின்று கத்தியதற்கு மட்டும் 'கைராசிக்கார மேடம்' என்று எனக்குப் பெயர்.